நீலியும் நாலாயிரத்து ஐநூறு ரூபாய் வாடகையும்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பத்து மாசம் பேய் வீட்டில் குடியிருந்தவன் நான். பாழடைந்த பங்களா எல்லாம் இல்லை. திண்டுக்கல்லில் பழனி ரோட்டிலிருந்து உள்ளே போகிற ஒரு தெருவில் மூன்று மாடி அபார்ட்மெண்ட், அதில் இரண்டாவது மாடி. கீழே மெடிக்கல் ஷாப், எதிரே புரோட்டா கடை. ராத்திரி பன்னிரண்டு மணிக்கு சலங்கைச் சத்தத்துக்கு பதிலாக கொத்து புரோட்டா சத்தம்தான் கேட்கும். பேய் பார்க்க ஆசைப்பட்டு வந்தவர்கள் இத்தோடு கிளம்பிவிடலாம் :-)

நாங்கள் மூன்று பேர். மூவருமே பி.காம். ஒருத்தன் வேடசந்தூர் பக்கம், ஒருத்தன் நத்தம் பக்கம், நான் ஒட்டன்சத்திரம் தாண்டி. காலையில் டேலி வகுப்பு, சாயங்காலம் பார்ட் டைம் வேலை என்று ஆனபிறகு பஸ்ஸில் போய்வந்து கட்டுப்படியாகவில்லை. வீடு தேடினோம். 2014-லேயே மாநகராட்சி ஆகிவிட்ட ஊர் இது. ஆனால் வீடு கேட்டுப் போனால் முதல் கேள்வி "ஃபேமிலியா?", இரண்டாவது கேள்வி "சொந்த ஊரு எது?", மூன்றாவது "ஊருக்குள்ள எந்தத் தெரு?". மூன்றாவது கேள்வி எதற்கு என்று உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். பதினோரு வீடு பார்த்தோம், பதினொன்றும் இல்லை என்றாகிவிட்டது.

பன்னிரண்டாவது வீட்டுக்கு மட்டும் புரோக்கர் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. அதே கட்டிடத்தில் மற்ற வீடுகளுக்கு ஏழாயிரத்து ஐநூறு, இதற்கு நாலாயிரத்து ஐநூறு. அட்வான்ஸ் இரண்டே மாசம். தமிழ்நாட்டில் 2019 முதல் நடைமுறையில் இருக்கும் வாடகைச் சட்டம், வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால் மூன்று மாச வாடகைக்கு மேல் அட்வான்ஸ் வாங்கக் கூடாது என்கிறது. சட்டம் சொல்வதை விடக் குறைவாகக் கேட்கும் வீட்டுக்காரரை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. காமர்ஸ் படிக்கிறவனுக்கு அப்போதே சந்தேகம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. லாபக் கணக்குதான் போட்டேன். மாசம் மூவாயிரம் மிச்சம், பத்து மாசத்துக்கு முப்பதாயிரம், ஆளுக்குப் பத்தாயிரம்.

குடிபோன முதல் வாரமே புரோட்டா கடை அண்ணன் விஷயத்தைச் சொல்லிவிட்டார். "அந்த வீட்லயா தம்பி இருக்கீங்க? அங்க ஒரு பொம்பள நடமாட்டம் இருக்குன்னு பேசிக்கிறாய்ங்க." ராத்திரியில் அழுகைச் சத்தம் கேட்குமாம். அதற்கு முன் குடியிருந்தவர்கள் மூன்று மாசத்தில் காலி செய்துவிட்டார்களாம்.

சத்தம் உண்மையிலேயே கேட்டது. விடிகாலை நாலரை மணிக்கு, ஊ... என்று இழுத்து. நத்தத்துக்காரன் விபூதி பூசிக்கொண்டு படுத்தான். மூன்றாவது நாள்தான் கண்டுபிடித்தோம். கீழே மோட்டார் போடும் நேரம் அது. மேல்தொட்டி காலியானால் குழாயில் காற்று அடைத்துக்கொள்கிறது, தண்ணீர் ஏறும்போது பாத்ரூம் குழாய் வழியாக அந்தக் காற்று வெளியேறுகிறது. குழாயைக் கொஞ்சம் திறந்து வைத்தால் அழுகை நின்றுவிடும். ஐந்து பைசா செலவில்லாமல் பேய் ஓட்டியாயிற்று என்று மூன்று பேரும் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு திரிந்தோம்.

நிற்க. கதை இத்தோடு முடிந்திருந்தால் இதை எழுதவே உட்கார்ந்திருக்க மாட்டேன்.

பொங்கலுக்கு வீடு துடைக்கும்போது பரணில் ஒரு எவர்சில்வர் தூக்குவாளி கிடைத்தது. மூடியில் பெயர் வெட்டியிருந்தது. இனிஷியலோடு ஒரு பெண்ணின் பெயர், கீழே கல்யாணத் தேதி. 2019. சீர் வரிசையில் வந்த வாளி. பெயரை இங்கே எழுத மாட்டேன், அது என் சொத்து இல்லை.

மறுநாள் கீழ்வீட்டு அப்பத்தாவிடம் கேட்டேன். அந்தக் கட்டிடத்திலேயே எங்களோடு முகம் கொடுத்துப் பேசும் ஒரே ஆள் அவர்தான்.

"நல்ல புள்ளப்பா. ராவெல்லாம் அழுகுற சத்தம் கேக்கும்."

"செத்த பெறகா அப்பத்தா?"

"இல்லப்பா. உசுரோட இருக்கும்போது."

கொரோனா இரண்டாவது அலை அடங்கிய சமயத்தில் அந்தப் பெண் அந்த வீட்டில் இறந்திருக்கிறார். கல்யாணமாகி இரண்டே வருஷம். "ஆர்டிஓ வந்தாக, எழுதிக்கிட்டுப் போனாக" என்பதற்கு மேல் அப்பத்தாவுக்குத் தெரியவில்லை. எப்படி இறந்தார், ஏன் இறந்தார் என்பது எனக்கும் தெரியாது. யார் மீதும் நான் குற்றம் சாட்டவில்லை. நான் கேட்பது ஒன்றே ஒன்று. பத்துக் குடும்பம் இருக்கிற கட்டிடத்தில் ஒரு பெண் உயிரோடு இருந்து ராத்திரி ராத்திரியாக அழுதபோது ஒருத்தர்கூடக் கதவைத் தட்டவில்லை. அது அடுத்த வீட்டுக் குடும்ப விஷயம். அவர் செத்த பிறகு மட்டும் குழாயில் காற்று போனால்கூட எல்லோருக்கும் அழுகையாகக் கேட்கிறதா? காது எப்போதிலிருந்து இவ்வளவு கூர்மையானது?

பேய்க்கதை சொல்கிறவர்கள் பொய் சொல்கிறார்கள் என்பதல்ல என் சண்டை. அந்தக் கதை ஒரு கேள்வியை மூடிவிடுகிறது என்பதுதான். "அந்தப் பெண் எப்படிச் செத்தாள்?" என்று கேட்டால் போலீஸ், கோர்ட், சாட்சி, புகுந்த வீடு, பக்கத்து வீடு என்று போகும். "அந்த வீட்டில் பேய் இருக்கா?" என்று கேட்டால் எலுமிச்சம்பழத்தோடு முடிந்துவிடும். சட்டப்படி, கல்யாணமாகி ஏழு வருஷத்துக்குள் ஒரு பெண் இயற்கையல்லாத முறையில் இறந்தால் சும்மா விட முடியாது, அதற்குத்தான் ஆர்டிஓ விசாரணை. வரதட்சணை மரணத்துக்கென்றே 1986-ல் தனிப்பிரிவு 304பி கொண்டுவந்தார்கள். 2024 ஜூலையில் வந்த புதிய சட்டத்தில் அது 80-ஆம் பிரிவு. அந்தப் பிரிவின் கீழ் 2022-ல் மட்டும் இந்தியாவில் பதிவான மரணங்கள் ஆறாயிரத்துக்கும் மேல். பதிவானவை மட்டும். இவர்கள் எல்லாம் எங்கே இறந்தார்கள்? சுடுகாட்டிலா, புளியமரத்திலா? பெரும்பாலும் வீட்டில்தானே. அப்படிப் பார்த்தால் நாடு முழுக்கப் பேய் வீடுதான்.

தமிழில் இது இன்றைக்கு நேற்று வந்த பழக்கமும் இல்லை. பழையனூர் நீலி கதை தெரியும்தானே? திருவாலங்காட்டுக்குப் பக்கத்து ஊர். கதையைப் பல விதமாகச் சொல்கிறார்கள், ஆனால் எல்லாவற்றிலும் அடிப்படை ஒன்றுதான்: புருஷனால் கொல்லப்பட்ட பெண் பேயாகத் திரும்பி வருகிறாள். கவனியுங்கள், வந்தவள் எடுத்த எடுப்பில் கழுத்தைக் கடிக்கவில்லை. கள்ளிக்கட்டையைக் குழந்தையாக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு நேராக ஊர்ச் சபைக்குப் போகிறாள். எழுபது வேளாளர் முன்னால் நின்று அழுது வழக்கு வைக்கிறாள். அவன் உயிருக்கு அவர்கள் பொறுப்பேற்று இருவரையும் ஒன்றாக அனுப்பிவைக்க, அன்றைக்கே அவனைத் தீர்த்துவிடுகிறாள். சொன்ன சொல்லுக்காக எழுபது பேரும் தீக்குளித்தார்கள். ஊர் பெருமையாகப் பேசுவது இந்த எழுபது பேரைப் பற்றி. கொல்லப்பட்டவளுக்கு என்ன கிடைத்தது? பொய் அழுகைக்கு "நீலிக்கண்ணீர்" என்று பெயர் வைத்தோம். தமிழில் பொய்யாக அழுகிறவர்கள் எத்தனையோ பேர் இருக்க, அந்தப் பெயருக்குக் கொலையுண்ட ஒருத்திதான் கிடைத்தாள்.

எங்கள் ஊர்ப் பக்கம் கன்னியாக இறந்த பெண்ணை வீட்டுச்சாமியாகக் கும்பிடுவார்கள். வருஷத்துக்கு ஒரு தடவை புதுப்புடவை வைத்துப் படையல். அங்கேயும் எப்படிச் செத்தாள் என்று கேட்கப் போவதில்லைதான். ஆனால் சொந்தக்காரர்கள் வாயில் அவள் பெயராவது மிச்சமிருக்கும். அபார்ட்மெண்டில் அதுவும் போச்சு. "செகண்ட் ஃப்ளோர் கேஸ்", அவ்வளவுதான்.

சென்னை ஆழ்வார்பேட்டை டிமான்டி காலனியும் அப்படித்தான். ஜான் டிமான்டி என்கிற போர்த்துகீசிய வியாபாரியின் பெயர் கொண்ட இடம். ஆட்கள் காலி செய்து வருஷக்கணக்கில் பூட்டிக்கிடந்த வீடுகளை வைத்து ஊரே கதை கட்டியது. 2015-ல் படமும் வந்து, 2024-ல் இரண்டாம் பாகமும் வந்தது. அந்தக் கதையில் புத்தி பேதலித்த ஒரு மனைவி வருவார். எனக்குக் கதை சொன்ன ஒருவரும் அந்தம்மாவின் பெயரைச் சொன்னதில்லை. வியாபாரி பெயர் மட்டும் எல்லோருக்கும் மனப்பாடம்.

இப்போது என் பாடத்துக்கு வருகிறேன், ஏனென்றால் இதில் காசு இருக்கிறது. ஹாங்காங்கில் கொலை, தற்கொலை, விபத்து நடந்த வீடுகளைப் பேய் வீடு என்று தனியாகப் பட்டியலே போட்டு வைத்திருக்கிறார்கள். உத்பல் பட்டாசார்யாவும் இன்னும் இரண்டு பேராசிரியர்களும் அந்தப் பட்டியலை விற்பனை விலைகளோடு வைத்துப் பார்த்தார்கள். சம்பவம் நடந்த வீட்டுக்குச் சராசரியாக 20 சதவீதம் விலை சரிகிறது, அதே மாடியில் மற்ற வீடுகளுக்கு 10, அதே கட்டிடத்துக்கு 7. ஆக, அக்கம்பக்கத்தார் ஏன் வாயைத் திறப்பதில்லை என்று புரிகிறதா? உண்மையைப் பேசினால் தன் வீட்டு விலையும் சேர்ந்து விழும். ஜப்பானில் இதற்கு 2021-ல் அரசே வழிகாட்டுதல் போட்டது: வாடகை வீடு என்றால் சுமார் மூன்று வருஷம் வரை சொல்ல வேண்டும். நம் 1882-ஆம் வருஷத்து சொத்து மாற்றுச் சட்டம் வீட்டில் பெரிய குறை இருந்தால் குடிவருபவரிடம் சொல்லச் சொல்கிறது, ஆனால் சாவைப் பற்றி அதில் ஒரு வார்த்தை கிடையாது. நம் ஊரில் சொல்வது புரோட்டா கடை அண்ணன் மட்டும்தான்.

"பேயே இல்லைங்கிறே, அப்புறம் என்னடா? வாடகை கம்மி, ஜாலிதானே" என்று ஒரு நண்பன் கேட்டான். பெரிய பகுத்தறிவுவாதி. அவனோடுதான் எனக்கு அதிகக் கோபம், ஏனென்றால் பொங்கல் வரைக்கும் நானும் அப்படித்தான் பேசிக்கொண்டிருந்தேன். குழாய்ச் சத்தத்தைக் கண்டுபிடித்ததோடு பகுத்தறிவு முடிந்துவிட்டதா? மூடநம்பிக்கைக்காரனாவது செத்தவளுக்குப் பயப்படுகிறான். நாம் அவள் சாவில் ஆளுக்குப் பத்தாயிரம் டிஸ்கவுண்ட் வாங்கினோம்.

வாளியைப் பற்றி வீட்டுக்காரரிடம் போனில் சொன்னேன், அவர்கள் வீட்டு விலாசம் இருந்தால் கொடுத்துவிடுவேன் என்றும் சொன்னேன். "பழைய இரும்புக்குப் போட்ருங்க தம்பி" என்றார். போடவில்லை. இப்போது ஊரில் அம்மாவிடம் இருக்கிறது. முதலில் வீட்டுக்குள் வைக்க யோசித்தவர், பிறகு புளி போட்டுத் தேய்த்து அடுப்படிப் பலகையில் வைத்துவிட்டார்.

செமஸ்டர் முடிந்து நாங்கள் காலி செய்த மறுவாரம் புரோக்கர் போன் செய்தார். புது பார்ட்டி வந்திருக்கிறார்களாம், ஃபேமிலி, ஏழாயிரத்து ஐநூறுக்கே சம்மதமாம். "யாரோ எதையோ சொல்லி வச்சிருக்காங்க. நீங்க பத்து மாசம் நல்லாத்தானே இருந்தீங்க, ஒரு வார்த்தை சொல்லுங்க தம்பி." அப்போதுதான் எனக்கு உறைத்தது. எங்களுக்கு வீடு கொடுத்தது இரக்கத்தில் இல்லை. வீட்டைக் கழுவிவிட மூன்று பையன்கள் தேவைப்பட்டிருக்கிறார்கள். மற்ற பதினோரு வீட்டில் எங்கள் தெருவைக் கேட்டவர்கள் யாரும் இந்த வீட்டுக்கு வர மாட்டார்கள் என்று அவருக்குத் தெரியும்.

போனை அந்தக் குடும்பத்துப் பெரியவரிடம் கொடுக்கச் சொன்னேன். "ஐயா, அந்த வீட்ல பேய் எதுவும் இல்லைங்க. தொட்டி காலியானா குழாய்ல சத்தம் வரும், லேசாத் திறந்து வச்சாப் போதும். ஆனா 2021-ல ஒரு பொண்ணு அங்க இறந்துட்டாங்க. அவங்க பேரு..." என்று பெயரையும் சொன்னேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம் அவர் "கல்யாணமான பொண்ணாப்பா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

அவர்கள் அந்த வீட்டுக்குப் போனார்களா இல்லையா தெரியவில்லை. புரோக்கர் இப்போது என் போனை எடுப்பதில்லை. நாங்கள் மூன்று பேரும் மறுபடி வீடு தேடிக்கொண்டிருக்கிறோம். திண்டுக்கல்லில் யாருக்காவது காலி வீடு தெரிந்தால் சொல்லுங்கள்.