கே.கே.பட்டியிலிருந்து கம்பத்துக்கு வழி எது?

காமயகவுண்டன்பட்டி என்று முழுசாகச் சொன்னால் எங்கள் பக்கத்தில் அசலூர் ஆள் என்று நினைப்பார்கள். கே.கே.பட்டிதான்! அங்கிருந்து கம்பத்துக்கு வழி சொல்ல கம்ப்யூட்டரைப் பழக்கப்போய், ஒரு ராத்திரி முழுக்க நான் முழித்த கதை இது.

நான் படித்தது ஜர்னலிசம் டிப்ளமோ. இப்போதுதான் ஹாஸ்கெல் என்ற மொழியில் 'ஃபங்ஷனல் புரோகிராமிங்' பழகுகிறேன். மாமாவிடம் பெருமையாகச் சொன்னேன். "கம்பம் ரோட்டுல வேலை நடந்தா திராட்சை வண்டி எப்படிப் போகும்னு அது சொல்லுமாம்மா?" என்றார். மாட்டிக்கொண்டேன்.

இதற்குத் தேவை 'கிராஃப்'. ஊர்கள் புள்ளிகள், சாலைகள் கோடுகள். அவ்வளவுதான். செல்போன் மேப் வழி சொல்வதும் இப்படித்தான். நடுவில் உள்ள ஊர்களை விட்டுவிட்டு, மூன்றை மட்டும் எழுதினேன்:

கே.கே.பட்டி: கம்பம், சுருளிப்பட்டி
கம்பம்: கே.கே.பட்டி, சுருளிப்பட்டி
சுருளிப்பட்டி: கம்பம், கே.கே.பட்டி

மாமா சொன்னபடி கம்பம் ரோட்டை அடைக்க வேண்டும். ஆனால், எழுதிய தகவலை அழித்துத் திருத்தக் கூடாது என்பது இந்த முறையின் விதி. அந்தச் சாலை இல்லாத புது வரைபடம் ஒன்றை உண்டாக்க வேண்டும். பழையது அப்படியே இருக்கும். ரோடு திறந்ததும் அதையே எடுத்துக்கொள்ளலாம். இதுவரை சுகம்தான்.

வழி தேடச் சொன்னதும் வந்தது வினை. கே.கே.பட்டியிலிருந்து சுருளிப்பட்டி, அங்கிருந்து திரும்ப கே.கே.பட்டி, மறுபடி சுருளிப்பட்டி... நிற்கவே இல்லை! மற்ற மொழிகளில், பார்த்த ஊருக்கு ஓர் அடையாளம் போட்டுவிடுவார்கள். இங்கேதான் எதையும் மாற்றக் கூடாதே!

விடிகாலையில் விடை கிடைத்தது. மார்ட்டின் எர்விக் என்ற ஆய்வாளர் 2001-ல் விளக்கிய வழி. ஓர் ஊரை அதன் சாலைகளோடு தனியே எடுத்துவையுங்கள். மீதி, அந்த ஊரே இல்லாத சின்ன வரைபடம். இனி அதில் தேடுங்கள். இல்லாத ஊருக்கு எப்படித் திரும்பிப் போவது? கே.கே.பட்டியை எடுத்துவைத்தேன். சுருளிப்பட்டியிலிருந்து மிச்சம் ஒரே வழி, கம்பம்!

ஓடிப்போய் மாமாவிடம், "சுருளிப்பட்டி வழியா போகலாம்" என்றேன்.

"இதுக்கா ராத்திரி முழுக்க? என்கிட்ட கேட்டா நானே சொல்லியிருப்பேனே!"

நிஜம்தான். மாமாவுக்குப் பள்ளத்தாக்கே மனப்பாடம். ஆயிரம் ஊர், பத்தாயிரம் சாலை என்றால் மாமாவும் திணறுவார். எனக்கோ அதே நாலு வரி விதி போதும். நீங்களும் இதைப் பழக நினைத்தால், முதலில் உங்கள் ஊரை ஒரு தாளில் வரையுங்கள். கம்ப்யூட்டரை அப்புறம் திறக்கலாம்.