ஊர் வாயும் அரசின் மௌனமும்

உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியாது என்பது நம் முன்னோர் வாக்கு. ஊர் வாய் ஏன் திறக்கின்றது என்பதைத்தான் நாம் ஆராய்வதில்லை. சொல்ல வேண்டியவர் சொல்லாதிருக்கும்போது, சொல்லத் தகாதவர் சொல்லத் தொடங்குகின்றனர். வதந்தியின் பிறப்பு வரலாறு இவ்வளவே.

2014 மார்ச் 8 ஆம் நாள் கோலாலம்பூரிலிருந்து பெய்ஜிங் நோக்கிப் பறந்த மலேசிய விமானம் 239 பேருடன் காணாமற் போயிற்று. அதனைத் தேட மலேசிய அரசு 2025 மார்ச்சில் ஒரு நிறுவனத்துடன் மீண்டும் உடன்பாடு கண்டது. அதனுடன் பழைய கதைகளும் உயிர்த்தெழுந்தன. கண்டிக் கடைவீதியில் யாரை நிறுத்திக் கேட்டாலும் அவ்விமானத்தைப் பற்றி ஒரு கதை சொல்வார். ஆனால் நமது நாட்டிலேயே, நம் மக்களையே ஏற்றிச் சென்ற ஒரு விமானம் மறைந்ததே, அது என்னவாயிற்று என்று கேட்டால் எத்தனை பேர் விடை சொல்வர்?

1998 செப்டெம்பர் 29 ஆம் நாள், பலாலியிலிருந்து இரத்மலானைக்குப் புறப்பட்ட லயன் எயர் பயணிகள் விமானம் வடமேற்குக் கடற்பரப்பில் மறைந்தது. பயணிகள் 48 பேர், பணியாளர் 7 பேர். பயணிகளிற் பெரும்பாலோர் தமிழர். தரைப்பாதை அடைபட்டுக் கிடந்த அந்நாளில், மருத்துவத்துக்கும் கல்விக்கும் அலுவலுக்கும் கொழும்பு செல்லக் கடல்வழியோ வான்வழியோ அன்றி வேறு கதியற்ற குடிமக்கள் அவர்கள்.

கடலில் வீழ்ந்ததா, காட்டில் இறங்கியதா? இயந்திரக் கோளாறா, ஏவுகணையா? எவரேனும் உயிருடன் இருக்கின்றனரா? வினாக்கள் எழுந்தன, விடை சொல்வாரில்லை. அவ்வாண்டு ஜூன் 5 ஆம் நாள் முதல் போர்ச் செய்திகளுக்குத் தணிக்கை விதிக்கப்பட்டிருந்தது. போர்ப் பகுதிக்குள் பத்திரிகையாளர் தாமாகச் சென்று பார்க்கவும் வழியில்லை. விமானி அமுக்கக் குறைவை அறிவித்தார் என்றொரு செய்தி. அந்நிறுவனத்தைப் புலிகள் முன்னரே எச்சரித்திருந்தனர் என்றொரு செய்தி. இரண்டையும் சீர்தூக்கிப் பார்க்கத் தக்க சான்று எதுவும் மக்கள் கையில் இல்லை. போரிட்ட இரு தரப்பாரும் தத்தம் கதையை நம்பச் சொன்னார்கள்; இரண்டுக்கும் நடுவில் உறவினர் நின்றார்கள்.

பதினான்கு ஆண்டுகள் கழிந்தன. கைதான முன்னாள் போராளி ஒருவர் தந்த தகவலைக் கொண்டு, 2012 ஒக்டோபரில், இரணைதீவுக்கு அப்பால் கடலடியில் விமானத்தின் சிதைவுகளைக் கடற்படையினர் கண்டனர். புலிகளே ஏவுகணையால் வீழ்த்தினர் என்பது அரசின் கூற்று. பின்னர், மீட்கப்பட்ட உடைகள் உறவினர் அடையாளம் காண்பதற்காக 2014 இல் யாழ்ப்பாணத்தில் காட்சிக்கு வைக்கப்பட்டன. மகன் திரும்புவான் என்று பதினைந்து ஆண்டுகள் வாசலைப் பார்த்திருந்த தாய்க்கு விடையாகக் கிடைத்தது உப்புநீரில் ஊறிய ஒரு சட்டை. ஆயுதம் தரித்தவன் எவனாயினும், பயணிகள் விமானத்தை வீழ்த்துவது கொலைக்குற்றமே. அதனை எம் பெயராற் செய்ததாக எவன் கூறினும் நாம் ஏற்கோம். ஆனால் குற்றத்தை நிறுவுவது சான்றும் விசாரணையுமே. அறிக்கைப் போர் அன்று.

போர் இல்லாத மலேசியாவிலும் நடந்தது வேறில்லை. விமானம் மேற்கே திரும்பியதைப் படைத்துறை ராடார் பதிவு செய்திருக்க, தேடுவோர் பல நாட்கள் தென்சீனக் கடலைத் துழாவிக்கொண்டிருந்தனர். ஒருநாள் சொன்னதை மறுநாள் மறுத்தனர். அந்த இடைவெளியில் உலகப் பத்திரிகைகளும் தொலைக்காட்சிகளும் நுழைந்தன. கருந்துளை விழுங்கியிருக்குமோ என்றுகூட அமெரிக்கத் தொலைக்காட்சியொன்றில் கேட்கப்பட்டது. திருட்டுக் கடவுச்சீட்டில் பயணஞ் செய்த ஈரானிய இளைஞர் இருவரைப் பயங்கரவாதிகள் என்று உலகம் சில நாட்கள் பேசிற்று. அவர்கள் ஐரோப்பாவில் தஞ்சம் புகச் சென்றவர்களாகவே தோன்றுகின்றனர் என்று பின்னர் அறிவிக்கப்பட்டது. விமானியின் வீடும் அரசியற் சார்பும் சந்திக்கு இழுக்கப்பட்டன. இறுதியில் மார்ச் 24 ஆம் நாள், எவரும் பிழைத்திலர் என்ற செய்தி உறவினர் சிலருக்கு ஆங்கிலக் குறுஞ்செய்தியாகக் கைத்தொலைபேசியில் வந்து சேர்ந்தது! 2018 ஜூலையில் வெளியான அறிக்கையோ, மறைவின் காரணத்தைத் தீர்மானிக்க இயலவில்லை என்றது. சிதைவுகள் சில ஆபிரிக்கக் கரையோரங்களில் ஒதுங்கின. கதைகள் மட்டும் உலகமெங்கும் ஒதுங்கின.

நம் மலையகம் இதற்கு மாறான ஓர் உதாரணத்தைத் தருகின்றது. 1974 டிசெம்பர் 4 ஆம் நாள், இந்தோனேசிய ஹஜ் யாத்திரிகரை ஏற்றி வந்த டச்சு விமானம், நோர்ட்டன் பிரிட்ஜை அடுத்த சப்த கன்னியர் மலையில் மோதி 191 பேரும் மாண்டனர். அதுவும் பேரிழப்பே. ஆனால் சிதைவு கிடைத்தது, விசாரணை நடந்தது, விமானிகள் தாம் நின்ற இடத்தைத் தவறாகக் கணித்தனர் என்ற காரணமும் சொல்லப்பட்டது. துயரம் இருந்தது, ஆயினும் ஐயம் அத்துயரத்தை இரட்டிப்பாக்கவில்லை.

வதந்தி ஏதோ வீண்பேச்சுத்தானே என்று எண்ணுவோர், கண்டி மாவட்டத்தில் 2018 மார்ச்சில் நடந்ததை நினைக்கட்டும். அதற்குச் சில நாட்கள் முன்பு அம்பாறையில், முஸ்லிம் உணவுக்கடையில் மலடாக்கும் மருந்து கலக்கின்றனர் என்ற புரளியால் கடைகளும் பள்ளிவாசலும் தாக்கப்பட்டன. இரசாயனப் பகுப்பாய்வில் அது வெறும் மாவுக்கட்டி என்று தெரிந்தது. அந்த நஞ்சு ஆறுமுன்பே தெல்தெனியவில் தாக்கப்பட்ட ஒருவர் இறக்க, திகனவில் வீடுகளும் கடைகளும் எரிந்தன, உயிர்களும் போயின. அரசு அவசரகால நிலையைப் பிரகடனஞ் செய்து சமூக ஊடகங்களை அடைத்தது. வாயை அடைப்பதுதான் மருந்தா? 1998 இல் தணிக்கை இருந்தது, வதந்தி நின்றதா?

நீதிமன்றத்தில் சாட்சியைப் பார்த்து, நீ கண்டாயா, கேட்டாயா, ஊகித்தாயா என்று வினவுகின்றோம். கேட்டதைக் கண்டதாகச் சொல்பவனை நீதிபதி நம்புவதில்லை. இந்த மூன்று வினாக்களைப் பத்திரிகையும் தன்னைக் கேட்டுக்கொள்ளல் வேண்டும். சந்தையில் விலை விழுந்துவிட்டது என்ற பொய்ச்சொல்லை நம்பித் தன் கோவாவையும் கரட்டையும் பாதி விலைக்குக் கொடுத்த உழவனுக்கு இந்தப் பாடத்தை எவரும் புகட்ட வேண்டியதில்லை. ஆனால் ஊகத்தைக் கண்டிப்பது வேறு. கேள்வியை அடக்குவது வேறு. ‘ராடார் பதிவு எங்கே?’ என்று கேட்பவன் வதந்தி பரப்புபவன் அல்லன். விடை தராதவனே அதனைப் பரப்புகின்றான்.

ஆகவே நாம் கேட்பது இது. விமானமோ, படகோ, மனிதனோ காணாமற் போனால், தெரிந்தது இது, தெரியாதது இது என்று பொறுப்புள்ள ஒருவர் நாள்தோறும் சொல்லல் வேண்டும். அதனை முதலிற் கேட்க வேண்டியோர் உறவினர். அவர்களது தாய்மொழியிலேயே கேட்க வேண்டும். தமிழ் இந்நாட்டின் அரசகரும மொழி என்று எழுதிவைத்தது இத்தகைய வேளைக்கன்றி வேறெதற்கு? லயன் எயர் விமானம் பற்றி விசாரணைகளிற் கண்டவை அனைத்தும் மூன்று மொழிகளிலும் மக்கள் கைக்கு எட்ட வேண்டும். 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் குடிமகன் கையிலுள்ள கருவி. கற்றோர், குறிப்பாக வழக்கறிஞர், உறவினர் பக்கம் நின்று அதனைப் பயன்படுத்த முன்வரல் வேண்டும்.

அந்த ஐம்பத்தைந்து பேரும் தனித்து நிற்கவில்லை. குறித்த காலம் செய்தியில்லையேல் இறந்தார் என ஊகிக்கச் சட்டம் இடமளிக்கின்றது. தாயின் மனமோ அந்தக் கணக்கை ஏற்பதில்லை. வடக்கிலும் கிழக்கிலும் 2017 முதல் தெருவோரப் பந்தல்களில் அமர்ந்த அன்னையர் கேட்டதும் இதனையே: ‘என்ன நடந்தது என்று சொல்லுங்கள்.’ அவர்கள் கேட்டது தயவன்று, உரிமை. அரசு அதனைக் கொடுக்கும்வரை ஊர் பேசிக்கொண்டேதான் இருக்கும். பழியும் அரசையே சேரும்.