ஆற்றுக்கும் தீட்டு உண்டு

அரூரில் பூஜைச் சாமான் கடை வைத்திருக்கிறேன். ஆடி பிறந்துவிட்டால் கற்பூரம், ஊதுபத்தியோடு ஜனங்கள் மறக்காமல் கேட்பது மூடி போட்ட காலி பாட்டில். தீர்த்தமலைப் பாறையிலிருந்து விழும் ராமர் தீர்த்தத்தைப் பிடித்துவர. ஒரு சொட்டு சிந்தாமல் கொண்டுபோய்ப் பூஜையறையில் வைப்பார்கள்.

ராமர் சிவபூஜைக்குக் காசித் தீர்த்தம் கேட்டார், அனுமன் வரத் தாமதம், அம்பு விட்டு மலையிலேயே நீர் வரவழைத்தார் என்பது ஐதீகம். கோபித்துக்கொண்டு அனுமன் வீசியெறிந்த நீர் விழுந்த இடம்தான் தென்பெண்ணைக் கரையில் உள்ள அனுமன்தீர்த்தம். முதலில் அங்கே குளித்துவிட்டுத்தான் மலைக்குப் போக வேண்டும் என்பார்கள் பெரியவர்கள். இரண்டுமே புனிதம்.

ஆனால் ஆடி 18 முடிந்த மறுநாள் அந்த ஆற்றங்கரைக்குப் போய்ப் பாருங்கள். தோஷம் கழிய அவிழ்த்துவிட்ட சேலையும் வேட்டியும் கல்லில் சுற்றிக் கிடக்கும். நடுவில் ஷாம்பு பாக்கெட், என் போன்றவர்கள் விற்ற கற்பூரத்தின் உறை.

நந்தி மலையில் பிறக்கிற தென்பெண்ணை, பெங்களூருவின் கழிவையும் சுமந்துகொண்டுதான் தமிழ்நாட்டுக்குள் வருகிறது. ஓசூர் பக்கம் கெலவரப்பள்ளி அணையில் நுரை பொங்குவதைப் பத்திரிகைகளில் பார்க்கிறோம், கர்நாடகத்தைத் திட்டுகிறோம். நியாயம்தான். நம் படித்துறைச் சேலைக்கு யாரைத் திட்டுவது?

‘ஓடுகிற தண்ணீருக்குத் தீட்டு இல்லை, அடித்துக்கொண்டு போய்விடும்’ என்று சமாதானம் சொல்கிறார்கள். எங்கே போகும்? கீழே சாத்தனூர் அணைக்குப் போகும். அந்த அணைத் தண்ணீரைத் திருவண்ணாமலைக்காரர்கள் குடிக்கிறார்கள்.

புனிதத்தின் பேரைச் சொல்லி மனிதர்களைத் தள்ளி வைத்தோம், இன்றும் சில ஊர்களில் வைக்கிறோம். அழுக்கை மட்டும் தள்ளி வைக்கவில்லை. புனிதம் என்று ஒன்றைச் சொன்னால் அதைக் காபந்து பண்ணும் பொறுப்பும் நம்முடையது. கும்பிட்டதோடு கடமை முடிந்தது என்றால் அது பக்தியில் சேராது.

ஆடிக்கு முன்பே ஊராட்சிகள் படித்துறையில் துணி போடத் தொட்டியும், அன்றன்றைக்கே அள்ள வண்டியும் ஏற்பாடு செய்ய வேண்டும். பெரிய செலவில்லை. என்னைப் போன்ற கடைக்காரர்கள் கற்பூரத்தைக் காகிதத்தில் மடித்துக் கொடுக்கலாம். துணியை விட்டால்தான் தோஷம் போகும் என்று நம்புகிறவர்கள் தாராளமாக விடுங்கள். தொட்டியில் விடுங்கள், ஆற்றில் விடாதீர்கள்.