வெயில்மீது பழி போடுவதா?

அரிசி மூட்டையில் வண்டு ஏறிவிட்டால், "வெயில் காலம், அப்படித்தான் இருக்கும்" என்று கைகழுவுவது கிடங்கு காப்போர் பாடும் பழைய பல்லவி. வெயிலுக்குத் தடைச் சட்டமா போட முடியும் என்று கேலியும் பேசுவர். நாமும் கேட்கிறோம்: வெயிலின் குணம் தெரிந்திருந்தும் வாளாவிருந்தது யார்?

கூன்வண்டின் கதை மறைபொருள் அல்ல. பெண் வண்டு அரிசியைத் துளைத்து, உள்ளே முட்டையிட்டு, துளையைப் பசையால் மூடிவிடும். 28 முதல் 30 பாகை செல்சியஸ் வெப்பம் அதற்குக் கொண்டாட்டம். ஏறத்தாழ ஐந்து வாரத்தில் முட்டை வண்டாகி வெளியே வரும். ஒரு தாய்க்கு இருநூறு, முந்நூறு பிள்ளைகள்! 18 பாகையில் அதே வளர்ச்சி மூன்று மாதம்போல் இழுக்கும். 15-க்குக் கீழே பெருக்கம் நிற்கும். 35-ஐத் தாண்டினாலும் நிற்கும். 50-ஐத் தாண்டினால் சாவுதான்.

கனடா நாட்டு உழவன் பனிக்காலக் காற்றைக் களஞ்சியத்துக்குள் செலுத்தியே பூச்சியை ஒழிக்கிறான். குளிர் அவனுக்குச் சம்பளம் வாங்காத காவல்காரன். நமக்கு? மார்கழி இரவிலும் சென்னையில் வெப்பம் 20 பாகையை ஒட்டியே நிற்கிறது. வண்டுக்கு ஆண்டில் ஒரு திங்கள்கூட விடுமுறை இல்லை! புவி வெப்பம் ஒரு பாகை ஏறினால், விளைநிலத்தில் நெல், கோதுமை, மக்காச்சோளத்துக்குப் பூச்சியால் நேரும் இழப்பு 10 முதல் 25 விழுக்காடு கூடும் என்று 2018-இல் 'சயன்ஸ்' ஏட்டில் வந்த ஆய்வு எச்சரித்தது. பேரடி குளிர்நாடுகளுக்கே என்றும் அது கூறிற்று. அவர்கள் நாளைக்கு அஞ்சும் வெப்பம், நம் கிடங்கில் என்றைக்கோ குடியேறிவிட்டது!

முகப்பேர்த் தாய்மார்கள் முறத்தில் புடைத்து, வெயிலில் உலர்த்திப் பார்க்கிறார்கள். அடுக்குமாடியில் ஒற்றை அறையில் குடியிருப்போருக்கு மொட்டை மாடி ஏது? விலையில்லா அரிசி என்பதற்காக வினா எழுப்பலாகாதா?

அரிசியின் ஈரம் 14 விழுக்காட்டைத் தாண்டலாகாது. பழைய மூட்டை முதலில் வெளியேற வேண்டும். சிந்திய மணிகளைக் கூட்டி அகற்ற வேண்டும். அங்கேதான் அடுத்த படை வளர்கிறது. நச்சுப்புகை போடுவதென்றால் மூட்டைகளை இறுக மூடி, உரிய நாட்கள் வைத்திருக்க வேண்டும். பெயருக்குப் போட்டால் அரிசிக்குள் இருக்கும் புழு பிழைத்துக்கொள்ளும். ஐந்து வாரத்துக்கொரு தலைமுறை தோன்றும்போது, பதினைந்து நாளுக்கொரு முறை சோதனை நடந்தாக வேண்டும். தாளில் அல்ல, மூட்டையில்! அம்பத்தூர், ஆவடி வட்டாரக் கடைகளுக்கு அரிசி அனுப்பும் கிடங்குகளில் கடைசியாகச் சோதனை நடந்த தேதியை, ஒவ்வொரு நியாயவிலைக் கடையின் பலகையிலும் எழுதி வைக்கட்டும்.