ஏழைக்கு ஒதுக்கிய பணம் எங்கே தங்கிவிடுகிறது?

கிராம அபிவிருத்திப் பணியில் ஈடுபட்டுள்ள எவரும் மூன்று தரப்பினரை அறிவர். பணம் கொடுப்பவர் ஒருவர். அதைப் பெற்றுச் செலவு செய்பவர் இன்னொருவர். அதனால் பயன்பெற வேண்டியவர் மூன்றாமவர். கொடுப்பவர் தூரத்தில் இருக்கிறார். பயன்பெற வேண்டியவரிடம் பெரும்பாலும் எவரும் எதுவும் கேட்பதில்லை. நடுவில் நிற்பவரே விண்ணப்பம் எழுதுகிறார், திட்டம் வரைகிறார், அறிக்கையும் அனுப்புகிறார். எம்மைப் போன்ற நிறுவனங்கள் நிற்பதும் இந்த நடு இடத்திலேதான். ஆகவே, நடுவில் நிற்பவரை யார், எவ்வாறு மேற்பார்வை செய்வது என்ற கேள்வியை நாம் ஒதுக்கிவிட முடியாது.

இதைச் சிந்திப்பதற்கு அமெரிக்க ஐக்கிய நாடுகளின் அனுபவம் ஒன்றை எடுத்துக்கொள்கிறோம். அந்நாட்டில் சட்டங்களுக்கோ, படிவங்களுக்கோ, கணக்காய்வாளர்களுக்கோ குறைவில்லை. அப்படியிருந்தும் மிக வறிய குடும்பங்களுக்கென ஒதுக்கப்பட்ட பணம் கோடிக்கணக்கில் வேறு வழிகளில் போயிற்று. குறை எங்கே இருந்தது என்று பார்ப்பது எமக்கும் பயன் தரும்.

விண்ணப்பிக்கும் முறை

வொஷிங்டனில் உள்ள மத்திய அரசாங்கம் 50 மாநிலங்களுக்கும் வழங்கும் மானியங்களைப் பொதுவாக இரண்டு வகையாகப் பிரிக்கலாம். முதலாவது வகையில், ஒரு குறிப்பிட்ட வேலைக்காக மாநிலத் திணைக்களங்கள் விண்ணப்பித்து ஒன்றோடொன்று போட்டியிடும். இரண்டாவது வகையில், எந்த மாநிலத்துக்கு எவ்வளவு என்பதைச் சட்டமே தீர்மானித்துவிடும். மாநிலம் தன் திட்டத்தைச் சமர்ப்பித்துப் பணத்தைப் பெற்றுக்கொள்ளும். பெருந்தொகைகள் செல்வது இந்த இரண்டாவது வழியிலேயே.

வறிய குடும்பங்களுக்கான உதவி இதற்கு நல்ல உதாரணம். 1935ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ், வருமானமற்ற தாய்மாருக்கும் பிள்ளைகளுக்கும் மாதாந்தப் பண உதவி வழங்கும் முறை தொடங்கியது. தகுதியுள்ள குடும்பங்கள் பெருகினால் மத்திய அரசின் பங்கும் பெருகியது. 1996 ஓகஸ்ட் மாதத்தில் ஜனாதிபதி கிளின்டன் கையெழுத்திட்ட சட்டம் இந்த முறையை நீக்கியது. அதற்குப் பதிலாக, ஆண்டுக்குச் சுமார் 16.5 பில்லியன் டொலர் மொத்த மானியமாக மாநிலங்களுக்குப் பிரித்துக் கொடுக்கப்பட்டது. விலைவாசி ஏறினாலும் அத்தொகை ஏறுவதில்லை. இன்று அதன் பெறுமதி ஏறத்தாழ அரைவாசியாகத் தேய்ந்துவிட்டது.

இப்பணத்தைப் பெற மாநிலம் இரண்டு ஆண்டுகளுக்கு ஒரு தடவை திட்டமொன்றை அனுப்ப வேண்டும். மத்திய சுகாதார, மனித சேவைகள் திணைக்களம் அதைப் பரிசீலிக்கிறது. ஆனால் அது பார்ப்பது, சட்டம் கேட்கும் விடயங்கள் அனைத்தும் திட்டத்தில் எழுதப்பட்டுள்ளனவா என்பதைத்தான். திட்டம் வறியவருக்கு நன்மை தருமா என்று எடைபோட்டு, இல்லையென்றால் நிராகரிக்கும் அதிகாரம் அதற்கு இல்லை. சட்டத்தில் வெளிப்படையாகச் சொல்லப்பட்டதற்கு அப்பால் மாநிலங்களைக் கட்டுப்படுத்தக்கூடாது என்றும் அதே சட்டம் தடுக்கிறது.

இதற்குச் சொல்லப்பட்ட நியாயம் எமக்குப் பரிச்சயமானது. உள்ளூர் மக்களின் தேவையைத் தூரத்துத் தலைநகரைவிட மாநிலமே நன்கு அறியும் என்பதே அது. அதிகாரப் பரவலாக்கலை வேண்டி நிற்கும் நாம் அதை இலகுவில் தள்ளிவிட மாட்டோம். ஆனால் அதிகாரம் மாநிலத் தலைநகர் வரை வந்து அங்கேயே நின்றுவிட்டால், கிராமத்துத் தாய்க்கு அதனால் என்ன பயன்?

சட்டம் கூறும் நோக்கங்கள் நான்கு. வறிய குடும்பங்களுக்கு உதவுவது அவற்றில் ஒன்று. திருமணத்துக்குப் புறம்பான கர்ப்பங்களைத் தடுப்பது, தாயும் தந்தையும் சேர்ந்து வாழும் குடும்பங்களை ஊக்குவிப்பது என்ற வேறு இரண்டு நோக்கங்களுக்குச் செலவிடும்போது, பயன்பெறுவோர் வறியவராக இருக்கவேண்டும் என்ற கட்டாயம் இல்லை. இந்த அகலமான வாசல் வழியாகப் பணம் பல திசைகளுக்குப் போயிற்று. உதாரணமாக, மிச்சிகன் மாநிலம் ஒரு பகுதியைக் கல்லூரிப் புலமைப்பரிசில்களுக்குச் செலவிட்டது. இன்று நாடு முழுவதும் இத்திட்டத்தின் பணத்தில் சுமார் நான்கில் ஒரு பங்குதான் குடும்பங்களின் கைக்குப் பண உதவியாகப் போகிறது.

மிசிசிப்பியில் நடந்தது

மேற்பார்வைக்கும் ஏற்பாடுகள் உண்டு. செலவு வகைகளின்படி காலாண்டுக் கணக்கை மாநிலம் அனுப்ப வேண்டும். 1984ஆம் ஆண்டின் சட்டப்படி, மத்திய மானியத்தில் குறித்த தொகைக்கு மேல் செலவிடும் மாநிலமோ நிறுவனமோ ஆண்டுதோறும் ஒரே முழுமையான கணக்காய்வுக்கு உட்பட வேண்டும். அந்த எல்லை 750,000 டொலராக இருந்தது. 2024 ஒக்டோபர் முதலாம் திகதியிலோ அதற்குப் பின்னரோ தொடங்கும் நிதியாண்டுகளுக்கு 1 மில்லியன் டொலராக உயர்த்தப்பட்டது. மாநிலம் தன் பணத்தை அரச சார்பற்ற நிறுவனங்களுக்குக் கொடுத்தால், அவற்றைக் கண்காணிப்பதும் மாநிலத்தின் கடமை.

மிசிசிப்பி அந்நாட்டின் மிக வறிய மாநிலங்களுள் ஒன்று. இத்திட்டத்தின் கீழ் அது ஆண்டுக்குச் சுமார் 86 மில்லியன் டொலர் பெறுகிறது. அதில் பெருந்தொகையை மாநில மனித சேவைகள் திணைக்களம் சில ஆண்டுகள் இரண்டு அரச சார்பற்ற நிறுவனங்களின் கையில் கொடுத்தது. கட்டடம் கட்ட இப்பணத்தைப் பயன்படுத்தச் சட்டம் இடந்தராது. ஆயினும் ஒரு பல்கலைக்கழகத்தின் கரப்பந்தாட்ட அரங்குக்கு 5 மில்லியன் டொலர் போயிற்று. காகிதத்தில் அது குத்தகைப் பணமாகக் காட்டப்பட்டது. புகழ்பெற்ற முன்னாள் விளையாட்டு வீரர் ஒருவருக்கு 1.1 மில்லியன் டொலர் கொடுக்கப்பட்டது. அதற்குரிய உரைகளை அவர் நிகழ்த்தவில்லை என்று மாநிலக் கணக்காய்வாளர் கூறினார். அவர் மீது குற்றவியல் வழக்குத் தொடரப்படவில்லை. அத்தொகையைத் திருப்பிக் கொடுத்தார்.

2020 பெப்ரவரியில் ஆறு பேர் கைது செய்யப்பட்டனர். அதே ஆண்டு மே மாதத்தில் வெளியான கணக்காய்வு, 94 மில்லியன் டொலர் செலவைக் கேள்விக்குட்படுத்தியது. 2021இல் வெளியிடப்பட்ட தனியார் கணக்காய்வு நிறுவனமொன்றின் அறிக்கை, தவறாகச் செலவிடப்பட்ட தொகையைச் சுமார் 77 மில்லியன் டொலர் என மதிப்பிட்டது. திணைக்களத்தின் முன்னாள் பணிப்பாளர் ஜோன் டேவிஸும், பணம் பெற்ற நிறுவனமொன்றின் தலைவியும் 2022இல் குற்றத்தை ஒப்புக்கொண்டனர்.

இது எப்படி வெளிவந்தது? இரண்டாண்டுத் திட்டத்தை வாசித்து எவரும் கண்டுபிடிக்கவில்லை. காலாண்டுக் கணக்கைப் பார்த்தும் கண்டுபிடிக்கவில்லை. திணைக்களத்தின் ஊழியர் ஒருவர் 2019இல் கொடுத்த தகவலே விசாரணைக்கு வழி திறந்தது.

யாரைச் சந்தேகித்தோம்?

இதே காலத்தில் அந்த மாநிலத்தின் வறிய தாய் எவ்வாறு நடத்தப்பட்டார் என்பதையும் பார்க்க வேண்டும். மூன்று பேர் கொண்ட குடும்பத்துக்கு மாதம் ஒன்றுக்குக் கிடைக்கக்கூடிய மிகக் கூடிய உதவி 170 டொலர். 2021இல்தான் அது 260 டொலராக உயர்ந்தது. அதைப் பெற வருமானத்தைக் காட்ட வேண்டும், வேலை தேடியதை நிரூபிக்க வேண்டும். 2014ஆம் ஆண்டின் மாநிலச் சட்டப்படி போதைப்பொருள் பாவனை பற்றிய வினாக்களுக்கும் விடையளிக்க வேண்டும். 2016இல் விண்ணப்பித்தவர்களுள் நூற்றுக்கு இரண்டு பேருக்கும் குறைவானவர்களே ஏற்றுக்கொள்ளப்பட்டனர்.

170 டொலர் கேட்டவரிடம் இத்தனை சந்தேகம். மில்லியன் கணக்கில் கேட்டவரிடம் இத்தனை நம்பிக்கை. ஊழல் செய்த சிலரின் பேராசை மட்டும் இதற்குக் காரணமல்ல என்பது எமது கருத்து. மேற்பார்வையே தலைகீழாக அமைக்கப்பட்டிருந்தது. வறியவர் பொய் சொல்கிறாரா என்று தேடுவதற்குப் படிவங்கள் இருந்தன. நடுவில் நிற்பவர் கொடுத்த கணக்கிலோ வகைகளும் கூட்டுத்தொகைகளும் இருந்தன. அப்பணம் எத்தனை வறிய குடும்பங்களைச் சென்றடைந்தது என்ற கேள்வி இருக்கவில்லை.

அப்படியானால் மத்திய அரசு எல்லாவற்றையும் தன் கையில் எடுக்க வேண்டுமா? நாம் அவ்வாறு கருதவில்லை. மேலும் பத்துப் படிவங்களைச் சேர்த்தால் அவற்றைத் திறமையாக நிரப்பும் பெரிய நிறுவனங்களே வெல்லும். எழுத்துவேலைக்கு ஆள் வைக்க முடியாத சிறிய சங்கங்கள் ஒதுங்கிவிடும். தண்டனையும் தனியே போதாது. தவறாகச் செலவிட்ட தொகையை அடுத்த மானியத்தில் கழிக்கவும், அதை மாநிலம் தன் சொந்தப் பணத்தால் ஈடுசெய்யவும் சட்டம் வழி செய்திருக்கிறது. ஆனால் அது வருவது காலம் கடந்த பின்னர். 2018இல் உதவியின்றி இருந்த பிள்ளை அதற்குள் வளர்ந்துவிடுகிறது.

தேவையானவை மூன்று என்று நாம் நினைக்கிறோம். முதலாவது, எந்த நிறுவனத்துக்கு எவ்வளவு, எதற்காக என்ற தீர்மானம் ஒரு தனி மனிதரின் விருப்பில் தங்காமல், பகிரங்கப் போட்டியின் மூலம் எடுக்கப்பட வேண்டும். இரண்டாவது, தவறைக் கண்டு சொல்லும் ஊழியருக்குப் பாதுகாப்பு வேண்டும். மிசிசிப்பியில் உண்மையைத் திறந்தது அத்தகைய ஒருவரின் துணிவே. மூன்றாவது, பயன்பெற வேண்டிய மக்களே கணக்கைப் பார்க்க வேண்டும்.

மூன்றாவது நடைமுறைக்கு ஒவ்வாதது என்று சிலர் கூறலாம். மத்திய அரசின் பணத்தை மாநிலங்கள் செலவிடும் இன்னொரு நாடான இந்தியாவில் அது நடந்திருக்கிறது. 2005ஆம் ஆண்டின் தேசிய ஊரக வேலை உறுதிச் சட்டம், கிராம சபை சமூகக் கணக்காய்வு நடத்த வேண்டும் என விதித்தது. ஆந்திரப் பிரதேசத்தில் வரவுப் பதிவேட்டில் உள்ள பெயர்கள் ஊரார் முன்னிலையில் வாசிக்கப்பட்டன. வேலை செய்யாதவர் பெயரும், கூலி கிடைக்காதவர் பெயரும் அங்கேயே வெளிவந்தன. கண்டுபிடித்த தொகையில் சிறு பகுதியே மீளப் பெறப்பட்டது உண்மை. ஆயினும், எழுத வாசிக்கத் தெரியாத கூலியாளும் கணக்காய்வாளராக முடியும் என்பதை அது காட்டியது.

எமது சங்கங்களும் நிலையங்களும் கொடையாளருக்கு அறிக்கை எழுதுகின்றன. அது ஒழுங்காகப் போய்ச் சேர்ந்ததும் கடமை முடிந்தது என்று இருந்துவிடுவது இலகு. மிசிசிப்பியிலும் திட்டங்கள் ஒழுங்காகப் போய்ச் சேர்ந்தன. ஆகவே ஒன்றை இங்கே முன்வைக்கிறோம். அடுத்த காலாண்டு அறிக்கையை அனுப்புமுன், அதிலுள்ள வரவு செலவை எளிய தமிழில் ஒரு தாளில் எழுதுவோம். அந்தப் பணம் யாருக்காக வந்ததோ அவர்களைக் கூட்டி, அதை உரக்க வாசிப்போம். அவர்கள் கேட்கும் கேள்விகளையும், நாம் சொன்ன பதில்களையும் அறிக்கையோடு சேர்த்து அனுப்புவோம். இதற்குப் புதிய சட்டம் எதுவும் வேண்டியதில்லை. ஒரு மாலைப்பொழுதும், கேள்வி கேட்பவரைக் கோபிக்காத மனமும் போதும்.