பேசு... பேசுங்கள்!

தர்மபுரியில் ஓர் அலுவலகம். எந்த அலுவலகம் என்பது வேண்டாம். முதியோர் உதவித் தொகை பற்றி விசாரிக்க ஒரு கிழவி வந்திருந்தாள்.

"வந்திருந்தாள்" என்றுதான் என் பேனாவும் எழுதியது. இப்போது அடித்துவிட்டு, "ஒரு மூதாட்டி வந்திருந்தார்" என்று திருத்திக்கொள்கிறேன். ஏன் என்பதைப் போகப் போகத் தெரிந்துகொள்வீர்கள்.

மேஜைக்குப் பின்னால் இருந்தவர் தலை நிமிராமலே, "ஏய் பாட்டி, இங்கே வா. கைநாட்டுத்தானே? வை" என்றார்.

"இல்லீங்க சாமி, கையெழுத்துப் போடுவேன்" என்றார் மூதாட்டி. முதியோர் வகுப்பில் படித்தவராம். பேனாவை வாங்கி, ஒவ்வோர் எழுத்தாக, நிதானமாகத் தம் பெயரை எழுதினார்.

அடுத்து, முழுக்கால் சட்டை அணிந்த ஒரு வாலிபர் வந்தார். அதே மனிதர், அதே வாயால், "வாங்க சார், உட்காருங்க" என்றார்.

எழுபது வயதுக்கு "வா". இருபத்தைந்து வயதுக்கு "வாங்க". இந்தச் சின்னஞ்சிறு வித்தியாசத்தைப் பற்றித்தான் இந்த வாரம் பேசப்போகிறேன். "இலக்கணமா?" என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். இது பள்ளிக்கூடத்து விஷயம் மட்டும் அல்ல. உங்கள் வீட்டு விஷயம். உங்கள் மானத்தைப் பற்றிய விஷயம்.

வால் பெரிது!

"பேசு" என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். பேசினேன், பேசுகிறேன், பேசுவேன். நேற்று, இன்று, நாளை மூன்றும் வந்துவிட்டன. கடைசியில் உள்ள "ஏன்" என்ற வால், பேசுவது நான் என்று சொல்கிறது. வாலை மாற்றினால் ஆள் மாறிவிடும். பேசினாய், பேசினான், பேசினாள், பேசினார், பேசினோம், பேசினீர்கள், பேசினார்கள். நடுவில் இருப்பது காலம். கடைசியில் இருப்பது ஆள்.

இதைத்தான் நன்னூல் எழுதிய பவணந்தி முனிவர் பகுதி, இடைநிலை, விகுதி என்று பிரித்துக் காட்டினார். பகுதி என்றால் சொல்லின் வேர். இடைநிலை காலத்தைக் காட்டும். விகுதி என்பதுதான் வால். நன்னூல் பிறந்தது 13-ம் நூற்றாண்டு வாக்கில். ஆனால் நன்னூலைக் கண்ணால் பார்க்காத நம் பாட்டியும் "நேற்றுப் பேசுவேன்" என்று தவறிக்கூடச் சொல்லமாட்டார். எழுதப் படிக்கத் தெரியாதவருக்கும் இலக்கணம் தெரியும். அதற்குப் பெயர்தான் தெரியாது.

கடல் கடந்த உறவு

இப்போது கொஞ்சம் தூரம் போவோம். ஸ்பானிஷ் மொழி சுமார் 20 நாடுகளில் ஆட்சி மொழி. அதில் "பேச" என்பதற்கு "அப்லார்" என்று சொல்வார்கள். பேசுகிறேன் என்றால் "அப்லோ". பேசுகிறாய், "அப்லாஸ்". பேசுகிறான் அல்லது பேசுகிறாள், "அப்லா". பேசுகிறோம், "அப்லாமோஸ்". பேசுகிறீர்கள், "அப்லாயிஸ்". பேசுகிறார்கள், "அப்லான்".

கவனித்தீர்களா? அங்கேயும் வேர் ஒன்று, வால்கள் ஆறு. "நான்" என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. "அப்லோ" என்றாலே "பேசுகிறேன்" என்று முழுப் பொருளும் வந்துவிடும்.

கடந்த காலத்துக்கு வேறு வால்கள், வருங்காலத்துக்கு வேறு வால்கள் உண்டு. "அப்லாரே" என்றால் பேசுவேன். "அப்லாராஸ்" என்றால் பேசுவாய். ஒரு வேடிக்கை கேளுங்கள். "அப்லோ" என்பதை முதல் எழுத்தில் அழுத்திச் சொன்னால் "நான் பேசுகிறேன்". கடைசி எழுத்தில் அழுத்திச் சொன்னால் "அவன் பேசினான்"! அழுத்தம் இடம் மாறியதும் ஆளும் மாறுகிறான், காலமும் மாறுகிறது.

இப்படி முறை தவறாமல் நடக்கும் சொல் ஒன்றை முழுசாகப் படித்துவிட்டால், "ஆர்" என்று முடியும் நூற்றுக்கணக்கான சொற்களை அதே அச்சில் வார்த்துவிடலாம். தமிழிலும் அப்படித்தான். பேசினேன் தெரிந்தால் ஆடினேன், பாடினேன், ஓடினேன் எல்லாம் வந்துவிடும். "வா" போன்ற சில சொற்கள்தான் வந்தேன், வருகிறேன், வாருங்கள் என்று தனி வழியில் போகும். வீட்டுக்கு ஒரு முரட்டுப் பிள்ளை இருப்பதில்லையா, அது போல.

தமிழுக்கு வந்த மாணவர்

ஸ்பெயினுக்குப் பக்கத்து நாடு போர்ச்சுகல். மொழியும் நெருங்கிய உறவு. அந்த நாட்டுப் பாதிரியார் அண்டிரிக் அடிகளார் 1546-ல் இந்தியாவுக்கு வந்தார். முத்துக்குளித்துறையில் தங்கினார். முதலில் துபாஷி வைத்துப் பேசிப் பார்த்தார். சரிப்படவில்லை. தாமே தமிழ் கற்கத் துணிந்தார்.

எப்படிக் கற்றார் தெரியுமா? லத்தீனில் வினைச் சொற்களை வரிசை கட்டிப் படித்தது போலவே, தமிழ் வினைகளையும் வரிசை கட்டினார். இறந்த காலம் எது, எதிர்காலம் எது, "பேசினால்" என்ற நிபந்தனை எது என்று கண்டுபிடிக்கப் பெரும்பாடு பட்டதாக அவரே 1548-ல் எழுதிய கடிதத்தில் சொல்லியிருக்கிறார். பிறகு ஓர் இலக்கணமே எழுதிவிட்டார். அதன் கையெழுத்துப் பிரதி லிஸ்பன் நகரத்துத் தேசிய நூலகத்தில் இருக்கிறது. 1578-ல் கொல்லத்தில் "தம்பிரான் வணக்கம்" என்ற தமிழ்ப் புத்தகத்தை அச்சிட்டவரும் இவர்தான்.

அவருக்குப் பள்ளிக்கூடம் இல்லை. பாடப் புத்தகம் இல்லை. ஒரு வினையைப் பிடித்துக்கொண்டு அதன் வால்களை எண்ணினார். மொழி வசப்பட்டது.

தர்மபுரிக் கல் சொல்வது

நம் தர்மபுரியும் இந்த விஷயத்தில் சளைத்தது அல்ல. அதியமான் ஆண்ட தகடூர் அல்லவா? இந்த வட்டாரத்தில் எங்கு பார்த்தாலும் நடுகற்கள். ஊர் மாட்டைக் கவர வந்தவர்களோடு போரிட்டு மாண்ட வீரர்களுக்கு ஊரார் நட்ட கற்கள் அவை. சிலவற்றைத் தர்மபுரி அருங்காட்சியகத்தில் இன்றும் பார்க்கலாம். பழைய வட்டெழுத்தில் அரசன் பெயர், ஆட்சி ஆண்டு, வீரன் பெயர் எல்லாம் சொல்லி, "பட்டான் கல்" என்று முடியும். பட்டான் என்றால் போரில் விழுந்தான் என்று பொருள்.

ஒருவனுடைய வாழ்க்கையை ஒரே ஒரு வினைச்சொல் சுமந்துகொண்டு நூற்றாண்டுக் கணக்கில் நிற்கிறது! "நடுகல்" என்ற சொல்லையே பாருங்கள். அதில் காலமே இல்லை. அன்று நட்ட கல், இன்று நடுகின்ற கல், நாளை நடும் கல் என்று மூன்றுக்கும் பொருந்தும். இதற்குத்தான் வினைத்தொகை என்று பெயர். பாடப் புத்தகத்தில் வினைத்தொகையைப் பார்த்து நடுங்கும் பிள்ளையை ஒரு நடுகல்லின் முன்னால் நிறுத்திச் சொல்லிக் கொடுத்தால், ஆயுளுக்கும் மறப்பானா?

2011-ம் ஆண்டுக் கணக்கெடுப்பில், தமிழ்நாட்டிலேயே எழுத்தறிவு குறைந்த மாவட்டம் தர்மபுரி. நூற்றுக்குச் சுமார் 68 பேருக்குத்தான் எழுதப் படிக்கத் தெரியும் என்றது அந்தக் கணக்கு. பெண்களில் 60 பேர்தான். இப்போது பள்ளிக்குப் போகும் பிள்ளைகளில் பலர் அந்த மீதிப் பேரின் வீட்டிலிருந்து வருபவர்கள். வீட்டில் சொல்லிக் கொடுக்க ஆள் இல்லை. அந்தப் பிள்ளைக்கு இலக்கணத்தின் பெயர்களை மட்டும் மனப்பாடம் செய்யக் கொடுத்தால் என்ன ஆகும்? மொழி மேலேயே பயம் வந்துவிடும்.

ஆங்கில வகுப்பிலும் இதே கதை. பிள்ளை "ஹி ஸ்பீக்" என்று எழுதுகிறான். "ஸ்பீக்ஸ் என்று எழுதத் தெரியாதா?" என்று அடி விழுகிறது. அவன் மேல் குற்றம் இல்லை. தமிழில் வால்கள் ஏராளம். ஆங்கிலமோ தன் வால்களை எல்லாம் உதிர்த்துவிட்டு, நிகழ்காலத்தில் ஒரே ஒரு "ஸ்" மட்டும் வைத்திருக்கிறது. அதனால்தான் "நான்", "அவன்" என்று ஒவ்வொரு தடவையும் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. "தம்பி, நம்மிடம் பெரிய வால் இருக்கிறது, அவர்களிடம் குட்டி வால்தான் இருக்கிறது" என்று சொல்லிப் பாருங்கள். பிள்ளை சிரித்துக்கொண்டே கற்றுக்கொள்வான்.

தர்மபுரியில் தெலுங்கு பேசும் வீடுகள் உண்டு. கன்னடம் பேசும் வீடுகள் உண்டு. "பேசுவேன்" என்பதைக் கன்னடத்தில் "மாதாடுத்தேனெ" என்பார்கள். தெலுங்கில் "மாட்லாடுதானு" என்பார்கள். ஒரே வகுப்பில் மூன்று மொழிப் பிள்ளைகளும் உட்கார்ந்திருக்கிறார்கள். மூன்றையும் கரும்பலகையில் எழுதினால் அதைவிடச் சிறந்த பாடம் ஏது?

மரியாதை எங்கே இருக்கிறது?

இனி அந்த மூதாட்டியிடம் வருவோம்.

ஸ்பானிஷ் மொழியில் நண்பனிடம் "பேசு" என்று சொல்ல "அப்லா" என்பார்கள். பெரியவரிடம் "பேசுங்கள்" என்று சொல்ல "அப்லே" என்பார்கள். ஓர் உயிரெழுத்துத்தான் வித்தியாசம். அந்த "அப்லே" கட்டளைக்கு ஏற்பட்ட சொல்கூட அல்ல. "அவர் பேசட்டும்" என்று விருப்பத்தைச் சொல்லும் வடிவம். பெரியவரை ஏவக் கூடாது, விரும்பிக் கேட்கத்தான் வேண்டும் என்ற பண்பு அந்த வாலில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அவரைக் குறிக்கும் "உஸ்தெத்" என்ற சொல்லும் "தங்கள் அருள்" என்ற பழைய தொடர் தேய்ந்து வந்ததுதான்.

கன்னடத்தில் "மாதாடு", "மாதாடி". தெலுங்கில் "மாட்லாடு", "மாட்லாடண்டி". தமிழில் "பேசு", "பேசுங்கள்". மரியாதை இந்த வாலில்தான் இருக்கிறது.

"நீ என்று சொல்வது அவ்வளவு பெரிய தப்பா? தாயை நீ என்கிறோம், கடவுளையே நீ என்கிறோமே" என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்வி. "நீ" என்பது வசைச்சொல் அல்ல. பேரன் பாட்டியை "வா" என்று அழைத்தால் அதில் பாசம் இருக்கிறது. நடுகல் வீரனைக்கூட "பட்டான்" என்றுதான் எழுதினார்கள். அதில் ஊரின் நன்றி இருக்கிறது. ஆனால் முன்பின் தெரியாத ஏழையை "வா" என்று சொல்லிவிட்டு, முன்பின் தெரியாத சட்டைக்காரரை "வாங்க" என்று சொன்னால் அது பாசம் அல்ல. ஆளின் துணியைப் பார்த்து வாலை வெட்டுவது அது.

முதியோர் வகுப்பில் கையெழுத்துப் போடக் கற்றுக்கொண்டு வந்த ஒரு தாயை, ஒரு வினைச்சொல் ஒரு நொடியில் பழைய இடத்துக்கே தள்ளிவிடுகிறது. எழுத்தைக் கற்றுக் கொடுத்தோம். மரியாதையைக் கொடுத்தோமா?

செய்ய வேண்டியது என்ன?

செலவில்லாத மூன்று யோசனைகள் சொல்கிறேன்.

முதலாவது, ஆசிரியர்களுக்கு. இலக்கணப் பெயர்களைப் பிறகு சொல்லுங்கள். முதலில் "பேசு" என்ற ஒரே சொல்லைக் கொடுத்து, எத்தனை வால் வைக்க முடியும் என்று பிள்ளைகளையே கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். பேசட்டும், பேசாதே, பேசினால், பேசியிருந்தால் என்று கரும்பலகை நிறைந்துவிடும்.

இரண்டாவது, பெற்றோர்களுக்கு. "எனக்குப் படிப்பு இல்லை, நான் என்ன சொல்லிக் கொடுப்பது?" என்று ஒதுங்காதீர்கள். உங்கள் பேச்சில் இருக்கும் இலக்கணத்தைத்தான் பிள்ளை புத்தகத்தில் படிக்கிறான். இரவு சாப்பாட்டு நேரத்தில் ஒரு சொல்லை எடுத்து, ஆளுக்கொரு வடிவம் சொல்லி விளையாடுங்கள்.

மூன்றாவது, மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பவர்களுக்கு. எந்த அலுவலகமானாலும், ஆஸ்பத்திரியானாலும், வங்கியானாலும், பஸ்ஸானாலும், வருபவர் யாராக இருந்தாலும் "வாங்க", "சொல்லுங்க", "உட்காருங்க" என்று சொல்லுங்கள். இரண்டு எழுத்துக் கூடுதலாகச் சொல்வதால் நாக்குத் தேய்ந்துவிடாது.

அன்று அந்த மூதாட்டி கையெழுத்துப் போட்டுவிட்டுத் திரும்பும்போது, அடுத்து நின்ற பெண்ணிடம், "நீங்க போங்கம்மா" என்று வழிவிட்டார். அந்தப் பெண்ணுக்கு அவருடைய பேத்தி வயதுதான் இருக்கும்.