மார்கழி ஓசோன் புளுகு

மார்கழி பிறந்துவிட்டால் நம் நாட்டில் ஒரு கதை கிளம்பிவிடும். விடியற்காலையில் எழுந்து கோலம் போட்டு, பஜனை பாடினால் “ஓசோன்” என்னும் நல்ல காற்று உடம்புக்குக் கிடைக்குமாம். இதை அறிந்தே நம் முன்னோர்கள் அவ்வழக்கத்தை ஏற்படுத்தினார்களாம்! புண்ணியம் என்று சொல்லி விற்ற சரக்கு இப்பொழுது விலை போகாததால், விஞ்ஞானம் என்று பெயர் மாற்றி விற்கிறார்கள் என்பதைத் தவிர இதில் என்ன உண்மை இருக்கிறது?

தோழர்களே! ஓசோன் என்பது மூன்று பிராணவாயு அணுக்கள் சேர்ந்த ஒரு வாயு. ஆகாயத்தில் 15 முதல் 35 கிலோமீட்டர் உயரத்தில் இருக்கும்வரை அது சூரியனின் கொடிய கதிர்களைத் தடுத்து நம்மைக் காக்கிறது. அதுவே நம் மூக்கருகில் உண்டானால் இருமலையும் மூச்சுத் திணறலையும் கொடுக்கிறது, ஆஸ்துமாக்காரர்களை வதைக்கிறது, நெல், கோதுமை விளைச்சலையும் கெடுக்கிறது.

இந்தத் தரை ஓசோனை உண்டாக்குவது மார்கழியா? இல்லை, மனிதனே. மோட்டாரும் தொழிற்சாலையும் கக்கும் நைட்ரஜன் ஆக்சைடுகளும், பெட்ரோல், பெயிண்ட் முதலியவற்றின் ஆவியும் வெயில் பட்டு ஓசோனாகின்றன. லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத்துப் புகைமூட்டத்தை ஆராய்ந்து, ஹாகன்-ஸ்மிட் என்பவர் 1952-இலேயே இதை வெளியிட்டார். வெயில் வேண்டியிருப்பதால் பொதுவாகப் பிற்பகலில்தான் அது அதிகம். விடியற்காலையில் மிகக் குறைவு. ஆகவே இக்கதை குணத்திலும் பொய், நேரத்திலும் பொய். இந்தப் பொய்க்காகப் பனியில் எழுப்பப்படுகிறவர்களோ வீட்டுப் பெண்கள்!

“இது பட்டணத்துச் சங்கதி, நமக்கென்ன?” என்று தவளக்குப்பத்துத் தோழர்கள் இருந்துவிடக் கூடாது. புதுச்சேரி - கடலூர் ரோட்டில் ஓடும் வண்டிகளை எண்ணிப் பாருங்கள். வண்டி நெருங்கிய இடத்தில் அப்புகையே ஓசோனில் ஒரு பங்கைத் தின்றுவிடுகிறது. காற்றோடு வெளியே போகும் புகையோ வழியில் வெயில் பட்டு ஓசோனாகிச் சுற்றுப்புறக் கிராமங்களில் இறங்குகிறது. ஆகவே, கார் ஏறியறியாத கூலிக்காரனும், நாற்று நடும் பெண்ணும் பிறர் புகைக்குத் தங்கள் நெஞ்சால் வரி கட்டுகிறார்கள். இது எந்த நியாயம்?

இந்திய சர்க்கார் 2009-இல், 8 மணி நேரத்துக்குக் கன மீட்டருக்கு 100 மைக்ரோகிராம் என்று ஓசோனுக்கு வரம்பு கட்டியிருக்கிறது. வரம்பு காகிதத்தில் இருந்தால் போதுமா? கிராமங்களிலும் அளந்து, கணக்கை ஜனங்கள் பார்க்கும்படி பலகையில் எழுதச் சொல்லுங்கள். ஏழைகள் ஏறப் பஸ் கேளுங்கள். குப்பை கொளுத்துவதை நிறுத்துங்கள். கோலம் அழகுக்கானால் ஆணும் பெண்ணும் விடிந்த பிறகே போடலாம். ஓசோன் என்று சொல்லி எவராவது வந்தால், “எந்த நேரத்தில், எவ்வளவு, அளந்தது யார்?” என்று மட்டும் கேளுங்கள்.